மூன்று நிமிடம் பேச விடுங்கள்

எனக்கு ரவுடிப் படங்கள் பிடிக்கும். அறுபதைத் தாண்டி, திருச்சி உறையூரில் மகன் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பெண் இப்படிச் சொன்னால், கேட்பவர்கள் ஒரு நொடி என் முகத்தையே பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வரும் விவாத நிகழ்ச்சிகளும் பிடிக்கும் என்று சேர்த்துச் சொன்னால், இரண்டுக்கும் என்னம்மா சம்பந்தம் என்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. முப்பத்தாறு வருடம் அடுத்தவர் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவள் நான். படத்திலும் சரி, டிவியிலும் சரி, என் காது தேடிப்போவது பேச்சைத்தான்.

1983-ல், வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். காதில் ஹெட்செட், முன்னால் போர்டு, கையில் கார்டு. சாதா கால், அர்ஜென்ட் கால், லைட்னிங் கால் என்று கட்டணத்துக்கு ஏற்ற வேகம். குறிப்பிட்ட ஆளைக் கூப்பிட்டுத் தர வேண்டுமென்றால் பி.பி. கால். மளிகைக் கடைக்கோ டாக்டர் வீட்டுக்கோ போன் போட்டு, ‘மூணாவது வீட்டு மாரியம்மாளைக் கூப்பிடுங்க’ என்போம். மூன்று நிமிடம் ஒரு கணக்கு. அது முடிந்ததும் இடையில் புகுந்து, ‘மூணு நிமிஷம் ஆச்சு, தொடரலாமா’ என்று கேட்க வேண்டும். யார் என்ன பேசினார்கள் என்று வெளியே சொல்லக்கூடாது. நானும் இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் லைன் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது காதில் வாங்கித்தான் ஆக வேண்டும். அப்படி வாங்கியதில் ஒன்று தெரிந்துகொண்டேன். முதல் இரண்டரை நிமிடமும் நலம் விசாரிப்பில் போகும். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா. சொல்ல வந்த விஷயம் கடைசி அரை நிமிடத்தில்தான் வரும். பல சமயம் நான் ‘மூணு நிமிஷம் ஆச்சு’ என்று சொன்ன பிறகுதான் வரும். பணம் இல்லை, அப்பா போய்விட்டார், நான் இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்.

1987 தீபாவளிக்கு ‘நாயகன்’ வந்தது. எனக்கு இருபத்தைந்து வயது. கல்யாணமாகி ஒரு வருடம். அவரோடு போய்ப் பார்த்தேன். அந்தப் படத்தைப் பற்றி எல்லாரும் எல்லாமும் எழுதிவிட்டார்கள். மணிரத்னத்தின் இயக்கம், பி.சி.ஸ்ரீராமின் மங்கிய வெளிச்சம், தோட்டா தரணி சென்னையிலேயே போட்ட தாராவி செட், இளையராஜாவுக்கு அது 400-வது படம், கமலுக்குத் தேசிய விருது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு படித்துத் தெரிந்தவை. அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. பம்பாயிலிருந்து எங்கள் போர்டுக்கு வரும் குரல்களை நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். இரைச்சலுக்கு நடுவே, காசு போகிறதே என்ற பதற்றத்தோடு, ஊர்த் தமிழில் பேசும் குரல்கள். அந்தக் குரல்களுக்கு முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. படத்தில் தாராவிக் குடிசைகளை இடிக்க வரும்போது கூடி நிற்கும் கூட்டத்தைப் பார்த்ததும், இவர்கள்தான் அவர்கள் என்று தோன்றியது.

கமல் நடித்த வேலு நாயக்கரின் வீட்டுக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். ஜனங்கள் வந்து நிற்கிறார்கள். குறையைச் சொல்கிறார்கள். அவர் உட்கார்ந்து கேட்கிறார். எந்த ஃபாரமும் இல்லை, ‘நாளைக்கு வா’ இல்லை. அவர் சட்டத்துக்கு விரோதமானவர் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. படமும் அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் ஒரு ஏழை தன் வாக்கியத்தைத் தொடங்கி முடிக்க முடிகிறது. அதன் அருமை எனக்கு இருபத்திரண்டு வருடம் கழித்துத்தான் முழுதாகப் புரிந்தது. என் வீட்டுக்காரர் 2009-ல் தவறிப்போனார். அவர் வேலை பார்த்த இடத்திலிருந்து வரவேண்டிய பணத்துக்காகப் பதினான்கு மாதம் ஒரு அலுவலகத்துக்கு நடந்தேன். பணத்தைக் கொடுக்கமாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தால் பாதியிலேயே அடுத்த மேசையைக் காட்டினார்கள், அவ்வளவுதான். ‘சார், என் வீட்டுக்காரர்...’ என்பதற்கு அப்பால் என் வாக்கியம் ஒருநாளும் போனதில்லை. அந்த நாட்களில் ஒரு ராத்திரி டிவியில் ‘நாயகன்’ ஓடியது. கூடத்துக் காட்சி வந்தபோது எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அழுகையைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமென்று.

‘காட்ஃபாதர்’ படத்தை என் மகன் வெகுநாள் கழித்துப் போட்டுக் காட்டினான். கொப்போலா இயக்கி 1972-ல் வந்தது. ‘நாயகன்’ அதற்குக் கடன்பட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். கடன் இருக்கிறது. அந்தப் படமே ஒருவன் குறை சொல்வதில்தான் தொடங்குகிறது. இருட்டு அறை, பிணங்களுக்கு இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் ஒரு மனிதன், தன் மகளுக்கு நடந்த கொடுமையைச் சொல்கிறான். கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவரின் மடியில் பூனை. எவ்வளவு நேரம் அவனைப் பேச விடுகிறார்கள் என்று கவனித்தேன். அவசரமே இல்லை. ஆனால் முடிவைப் பாருங்கள். அந்தப் பெரியவரின் மகன் மைக்கேலிடம் அவன் மனைவி ஒரு கேள்வி கேட்கிறாள். அவன் பொய் சொல்கிறான். பிறகு அவள் முகத்துக்கு எதிரே கதவு சாத்தப்படுகிறது. மகத்தான முடிவு, மறுக்கமாட்டேன்.

நம் படத்தில் கதவைச் சாத்தவில்லை. மகள் சாருமதி அப்பாவின் கூடத்திலேயே நின்று, நீ செய்வது தப்பு என்று நேருக்கு நேர் வாதாடுகிறாள். ஊருக்கே பதில் வைத்திருந்த மனிதன் அவளிடம் தடுமாறுகிறான். அவள் வீட்டை விட்டுப் போகிறாள். கடைசியில் பேரன் கேட்கும் கேள்விக்கு, தெரியவில்லை என்பதைத் தவிர அவரிடம் பதில் இல்லை. துப்பாக்கிக் குண்டு அதற்கு அப்புறம்தான் வருகிறது. என்னைக் கேட்டால் நாயக்கர் அதற்கு முன்பே, மகளும் பேரனும் கேட்ட இடங்களிலேயே தோற்றுவிட்டார். கடன் வாங்கிய கதையைத் தமிழ்க் குடும்பத்தின் சொத்தாக மாற்றியது அந்த வாதாட்டம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த வசனங்களை எழுதியவர் பாலகுமாரன். நைட் டியூட்டியில் நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு படித்த பாலகுமாரன். தொழிற்சாலை வேலைநிறுத்தத்தைச் சுற்றி ‘மெர்க்குரிப் பூக்கள்’ எழுதினார், லாரித் தொழிலைச் சுற்றி ‘இரும்பு குதிரைகள்’ எழுதினார். டிராக்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். பத்திரிகையில் அவர் தொடர் வரும் நாளில் எங்கள் ரெஸ்ட் ரூமில் ஒரே பிரதி நாலு கை மாறும். ஒரு பெண் மனதில் நினைப்பதை இந்த ஆள் எப்படி எழுதுகிறார் என்று பேசிப் பேசி மாய்வோம். அந்த மனிதர்தான் 1987-ல் ‘நாயகன்’, 1995-ல் ‘பாட்ஷா’, 2006-ல் செல்வராகவனின் ‘புதுப்பேட்டை’ மூன்றுக்கும் வசனத்தில் கை வைத்தவர். தமிழ் சினிமாவில் மூன்று தலைமுறையின் தாதாக்கள் ஒரே நாவலாசிரியரிடம் பேசக் கற்றிருக்கிறார்கள். 2018 மே மாதம் அவர் மறைந்தபோது நாவல்களைப் பற்றி நிறைய எழுதினார்கள். இந்த மூன்று படங்களையும் ஒன்றாக வைத்து யாராவது எழுத மாட்டார்களா என்று ஏங்கினேன்.

மூன்றிலும் பேச்சு வெவ்வேறு மாதிரி. ‘பாட்ஷா’வில் ஆட்டோக்கார மாணிக்கம் படத்தின் பாதிவரை வாயை மூடிக்கொண்டிருக்கிறான். அடி வாங்கும்போதும் மூடிக்கொண்டிருக்கிறான். தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் வேண்டும். உள்ளே போய் நிர்வாகியிடம் தனியாக ஏதோ சொல்கிறான். என்ன சொன்னான் என்று முழுசாகத் தங்கைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இடம் கிடைத்துவிடுகிறது. அடக்கி வைத்த பேச்சுக்கு எத்தனை பலம் என்று அந்த ஒரு காட்சி காட்டிவிடும். ‘புதுப்பேட்டை’யில் கொக்கி குமார் பிச்சையெடுக்கும் பையனாகத் தொடங்குகிறான். அவன் குரலில் முதலில் பயம் மட்டுமே இருக்கும். அது மெல்ல மெல்ல எப்படிக் கெட்டிப்பட்டு, கடைசியில் அரசியலில் போய் உட்காருகிறது என்பதை நான் காதால் மட்டும் கேட்டே பின்தொடர்வேன். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ரவுடிப் படம் பார்த்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், அரிவாள் கலாசாரம் வளரும் என்று என் எதிர்வீட்டு அக்கா சொல்வார். அந்தக் கவலையை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் நல்ல ரவுடிப் படம் எதுவும் அந்த வாழ்க்கையை விற்பதில்லை. 2008-ல் வந்த சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’ பார்த்துவிட்டு எந்தப் பையனுக்கு அப்படி வாழ ஆசை வரும்? கூடவே திரிந்த நண்பனே காட்டிக்கொடுக்கும் முடிவு அது. 2011-ல் வந்த ‘ஆரண்ய காண்டம்’ படத்தில் ஆண்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்க, தப்பித்து வெளியேறுபவள் சுப்பு என்ற பெண். ‘வடசென்னை’யில் சந்திரா என்ற பெண்ணின் மனதில் இருக்கும் திட்டம் தெரியாமலே அத்தனை ஆண்களும் கத்தியைச் சுழற்றுகிறார்கள். அதை எடுத்த வெற்றிமாறனின் படங்களில் ஆட்கள் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசும் காட்சிகளை நான் சண்டைக் காட்சிகளைவிட ஆவலோடு பார்ப்பேன். ஒருவன் எந்த வார்த்தையைத் தவிர்க்கிறான் என்பதிலேயே யாரைக் கொல்லப் போகிறான் என்று தெரிந்துவிடும்.

இப்போது வரும் படங்கள் பலவற்றில் அந்தப் பஞ்சாயத்தைக் காணோம். நாயகன் மெதுவாக நடந்து வருகிறான், பின்னணி இசை காதை அடைக்கிறது, பெரிய துப்பாக்கி, ஆயிரம் பேர் சரிகிறார்கள். அவன் வீட்டில் அவனைக் கேள்வி கேட்க ஒரு மகள் இல்லை. இருந்தால் கடத்தப்படுவதற்காக இருக்கிறாள். இது எனக்கு உண்மையான வருத்தம்.

விவாத நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன்.

விசுவின் ‘அரட்டை அரங்கம்’ சன் டிவியில் வந்த காலத்தில் எங்கள் வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், உயிரோடு இருந்தார். நாற்பது வருடம் அந்த வீட்டில் யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவர். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூட எழுந்து போய்த் தானே போட்டுக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ ஒரு ஊரில் நடந்த நிகழ்ச்சியில், ஒரு பையன் தன் அம்மாவை மேடையில் வைத்தே குறைசொல்லிப் பேசினான். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கீரையை முறத்தில் போட்டுவிட்டு டிவியைப் பார்த்து, ‘அப்படிச் சொல்லாதடா தம்பி, ஒங்கம்மாவுக்கு நேரம் எங்கடா இருந்துச்சு?’ என்றார். சத்தமாகச் சொன்னார். நாங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் டிவிக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். டிவிக்குச் சொல்லிச் சொல்லிக் கொஞ்ச நாளில் எங்களுக்கும் சொல்லத் தொடங்கினார். பதிமூன்று வயதில் கல்யாணமாகி வந்தது, படிப்பை நிறுத்தியது, தலைச்சன் பிள்ளையைப் பறிகொடுத்தது. இதெல்லாம் அவர் பெற்ற மகனுக்கே அதுவரை தெரியாது.

விசு அதற்கு முன்பே சினிமாவில் பேச்சை நம்பியவர். ‘சம்சாரம் அது மின்சாரம்’ 1986-ல் வந்தது. ஒரு வீடு, ஒரு குடும்பம், முழுக்க முழுக்க வாக்குவாதம். அதற்குத் தேசிய விருது கிடைத்தது. அந்த மனிதர் வீட்டுக்குள் இருந்த வாக்குவாதத்தை எடுத்து ஊர் ஊராக மேடைபோட்டு ஜனங்கள் கையில் கொடுத்தார். கடைக்காரரும் ஆசிரியையும் கல்லூரிப் பெண்ணும் மைக்கைப் பிடித்தார்கள். பின்னால் ஜெயா டிவியில் ‘மக்கள் அரங்கம்’ என்று தொடர்ந்தார். அவர் இறந்தது 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுக்க மக்கள் ஊரடங்கு போட்டிருந்த நாள். நான் விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தெருவில் ஒரு சைக்கிள்கூட ஓடவில்லை. ஊரையே பேச வைத்தவர் ஊர் வாயடைத்துக் கிடந்த நாளில் போனார். நாலு பேர் கூடிப் பேசி அழக்கூட முடியவில்லை.

இந்த நிகழ்ச்சிகளை வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு என்று சொல்பவர்கள் உண்டு. செட்டும் விளக்கும் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். புகார் நகரத்து இந்திர விழாவில் வாதம் செய்யத் தெரிந்தவர்களைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்லி முரசறைந்ததை மணிமேகலை சொல்கிறது. குன்றக்குடி அடிகளார் பட்டிமன்றத்தை ஊர்த் திருவிழாக்களுக்குக் கொண்டுபோனார். சாலமன் பாப்பையா அதை மதுரைத் தமிழில் பொங்கல், தீபாவளி காலை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார். வீட்டில் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலை ஈரத்தோடு உட்கார்ந்து பார்த்தது நமக்கு மறக்குமா? இது நம் மண்ணில் முளைத்ததுதான்.

‘நீயா நானா’ விஜய் டிவியில் 2006-ல் தொடங்கியது. ‘புதுப்பேட்டை’ வந்த அதே வருடம். கோபிநாத் நடுவில், இரண்டு பக்கமும் எதிரெதிராக ஜனங்கள். தலைப்பு சில வாரம் சாதாரணமாக இருக்கும், சில வாரம் அப்படியே உட்கார வைத்துவிடும். 2022-ல் ஒரு வாரம், கணவரைவிட அதிகம் சம்பாதிக்கும் மனைவிகள் ஒரு பக்கம், அந்தக் கணவர்கள் எதிர்ப்பக்கம். மகளின் மதிப்பெண் அட்டையைத் தன் கணவர் வெகுநேரம் வைத்துப் படித்துக்கொண்டிருப்பார் என்று ஒரு மனைவி கேலியாகச் சொன்னார். அரங்கம் சிரித்தது. எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் முறை கேட்ட இடம் அது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நலம் விசாரிப்பு முடிந்து விஷயம் வரப்போகும் இடம். கோபிநாத்தும் அதை விடவில்லை. அந்த மனிதரை எழுப்பிக் கேட்டார். தான் சரியாகப் படிக்காதவன், மகள் வாங்கும் மதிப்பெண்ணைப் பார்ப்பதில் தனக்கு ஒரு சந்தோஷம் என்ற பொருளில் அவர் மெதுவாகச் சொன்னார். சிரித்த அரங்கம் அமைதியாகிவிட்டது. அவருக்குப் பரிசும் கொடுத்தார்கள். அடுத்த ஒரு வாரம் கீரைக்காரம்மாவிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டுவரை எங்கள் தெருவில் அதே பேச்சு.

யோசித்துப் பாருங்கள். கேலி வந்ததுமே கேமராவை வேறு பக்கம் திருப்பியிருந்தால்? பத்து விநாடி அவசரப்பட்டிருந்தால்? அந்தத் தகப்பனின் வாக்கியம் நமக்குக் கிடைத்திருக்காது. எந்த தாதா படத்தின் உச்சக் காட்சிக்கும் குறைந்ததில்லை அது.

எல்லா நிகழ்ச்சியும் அப்படி இல்லை. குடும்பச் சண்டையைக் கூட்டிவந்து விளக்கைப் போட்டு, அழும் முகத்துக்கு அருகே கேமராவைக் கொண்டுபோய், ஒரு மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்லும் நிகழ்ச்சிகளையும் பார்த்திருக்கிறேன். பிடிக்கவில்லை. அங்கே யாரும் பேசுவதில்லை, குற்றம் சாட்டுகிறார்கள், அடக்கப்படுகிறார்கள். இன்னொன்று, விவாதத்திலிருந்து நாற்பது விநாடியை மட்டும் வெட்டி எடுத்துப் போனில் சுற்ற விடுவது. ஒரு பெண் கோபமாகச் சொன்ன ஒரு வரி மட்டும் இருக்கும். அதற்கு முன் அவள் என்ன சொன்னாள், அதற்குப் பின் என்ன சொன்னாள் என்பது இருக்காது. அதைப் பார்த்து முன்பின் தெரியாத ஆயிரம் பேர் அவளைத் திட்டுகிறார்கள். கால் பாதியில் அறுந்தால் நாங்கள் மறுபடி லைன் போட்டுக் கொடுப்போம். சரியாகப் பேசியாகும்வரை அது எங்கள் பொறுப்பு. இந்தப் பெண்ணுக்கு மறுபடி யார் லைன் போட்டுக் கொடுப்பார்கள்?

விடுமுறை நாட்களில் பேட்டி என்ற பெயரில் வருவதெல்லாம் புதுப்பட விளம்பரமாகிவிட்டது பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அதற்குப் பதில் அந்த நேரத்தில் நாலு சாதாரண மனிதர்களை உட்கார வைக்கலாம்.

தொலைக்காட்சிக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒருவர் கையில் மைக்கைக் கொடுத்தால் மூன்று நிமிடம் அவரிடமே இருக்கட்டும். இடையில் இசை போடாதீர்கள். துண்டாக வெட்டி வெளியிடுவதாக இருந்தால் அவர் பேச்சின் முன்னும் பின்னும் சேர்த்து வெளியிடுங்கள். ரவுடிப் படம் எடுக்கும் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் நாயகன் எத்தனை பேரை வேண்டுமானாலும் அடிக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் அவனிடம் கணக்குக் கேட்க ஒருத்தியை வையுங்கள். அவள் கேட்டு முடிக்கும்வரை இசையை நிறுத்துங்கள். பாலகுமாரன் இருந்திருந்தால் எழுதிக் கொடுத்திருப்பார். இப்போது எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள்.

அத்தை போய்ப் பல வருடம் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு மூலையில் உட்கார்ந்து டிவிக்குப் பதில் சொல்லக்கூடும். சத்தத்தைக் குறைத்துவிட்டு, ‘என்ன சொன்னீங்க?’ என்று அவரிடம் ஒருமுறை கேளுங்கள்.